சிந்தசைசர் என்னும் மின்னிசைக் கருவி

நரம்புக் கருவி, துளைக் கருவி, தோற்கருவி, கஞ்சக் கருவி என இசைக் கருவிகளை நம் முன்னோர் நால்வகையாகப் பகுத்தனர். நரம்பை மீட்டியும், துளையில் ஊதியும், தோலைத் தட்டியும், உலோகத்தை மோதியும் அவர்கள் ஓசையைப் பிறப்பித்தனர். இந்நால்வகையுள் எதிலும் அடங்காத கருவியினம் ஒன்று சென்ற நூற்றாண்டில் தோன்றியது. மின்னோட்டத்திலிருந்தே ஓசையை ஆக்கும் அக்கருவியைச் சிந்தசைசர் என்பர்.

தமிழ் நேயர்களுக்கு இதன் ஓசை புதிதன்று. 1986 இல் வெளிவந்த ‘புன்னகை மன்னன்’ படத்துக்கு இளையராஜா கணினியின் துணைகொண்டு இசையமைத்தார். 1992 இல் ‘ரோஜா’ வெளிவந்தபோது, ஏ. ஆர். ரகுமான் கையாண்ட மின்னொலிகள் பட்டிதொட்டியெங்கும் கேட்டன. ஓசையைக் கேட்டோர் பலர். அது பிறக்கும் விதத்தை அறிந்தோர் சிலரே.

1994 இல் ஜப்பானிய நிறுவனமான ரோலண்டு வெளியிட்ட ஜேவி-1080 என்னும் கருவியைச் சான்றாகக் கொள்வோம். பார்வைக்கு இது ஒரு தட்டையான இரும்புப் பெட்டி. முகப்பில் சிறு எழுத்துத் திரை ஒன்றும், சில பொத்தான்களும் உள்ளன. இதற்கெனச் சுரக்கட்டைகள் இல்லை. வேறொரு கட்டைப் பலகையை மிடி என்னும் வடத்தால் இதனோடு இணைத்து வாசித்தல் வேண்டும். எந்தக் கட்டை, எவ்வளவு விசையோடு அழுத்தப்பட்டது என்ற செய்தி மட்டுமே அவ்வடத்தின் வழியே செல்கிறது, ஓசை செல்வதில்லை. 1983 இல் நடைமுறைக்கு வந்த இப்பொது மொழியால், ஒரு நிறுவனத்தின் கருவி மற்றொன்றின் கருவியோடு பேச முடிந்தது.

பெட்டிக்குள் நிகழ்வது யாது? வயலின், குழல், மணி முதலியவற்றின் உண்மை ஓசைத் துணுக்குகள் எண்களாக மாற்றப்பட்டு, அழியா நினைவகத்தில் பதிக்கப்பட்டுள்ளன. கட்டையை அழுத்தியதும் உரிய துணுக்கு எழுகிறது. அது முதலில் வடிகட்டி ஒன்றைக் கடக்கிறது. பாலைத் துணியில் வடிப்பது போல, அது கூரிய ஓசைக்கூறுகளை நீக்கி ஒலியை மென்மையாக்கும். அடுத்து, ஓசை எவ்வளவு விரைவில் எழ வேண்டும், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், எவ்வாறு அடங்க வேண்டும் என்பது வரையறுக்கப்படுகிறது. மணியோசை சட்டென எழுந்து மெல்லத் தேயும். குழலோசை மெல்ல எழுந்து மூச்சுள்ளவரை நிற்கும். மணியின் துணுக்குக்குக் குழலின் எழுச்சியைக் கொடுத்தால், உலகில் இல்லாத புதியதோர் ஓசை பிறக்கும். இத்தகைய அடுக்குகள் நான்கினை ஒன்றாக்கி ஓர் ஓசையை ஆக்கும் வசதி இக்கருவியில் உண்டு. தாமே ஆக்கிய ஓசைகளுள் 128 ஐ வாசிப்பவர் அதில் சேமித்து வைக்கலாம்.

நம் இசைக்கு இக்கருவி ஏற்றதா என்னும் வினா எழுவது இயல்பே. அகில இந்திய வானொலி 1940 இல் ஆர்மோனியத்தை விலக்கி வைத்து, 1971 இல்தான் அத்தடையைத் தளர்த்தியது என்பதை இங்கு நினைவுகூரலாம். கமகம் எழாது என்பதும், சுரத்தானங்கள் நம் சுருதியோடு முற்றும் பொருந்தா என்பதும் அன்று கூறப்பட்ட குறைகள். மேனாட்டு முறையில் ஒரு தாயி 1200 சென்டு எனக் கொண்டு பன்னிரண்டு சம பங்காக்கப்படுகிறது. அம்முறையில் அந்தர காந்தாரம் 400 சென்டில் நிற்கும். தம்புராவின் நாதத்தோடு இயல்பாக இணையும் காந்தாரமோ ஏறத்தாழ 386 இல் நிற்பது. பதினான்கு சென்டு வேறுபாட்டைப் பழகிய செவி உணர்ந்துகொள்ளும்.

ஆர்மோனியத்தில் இதற்குப் பரிகாரம் அரிது. சிந்தசைசரிலோ, ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே சிறிது ஏற்றவும் இறக்கவும் வழியுண்டு. கட்டைப் பலகையின் இடப்புறத்து நெம்புகோலை அசைத்தால், சுரம் வழுக்கிச் சென்று கமகத்தின் சாயலைப் பெறும். ஆயினும் அவ்வசைவு அப்போது ஒலிக்கும் சுரங்கள் அனைத்தையும் ஒருங்கே வளைக்கும். ஆதலால் ஒரு நேரத்தில் ஒரு சுரத்தை மட்டும் வாசிப்பதே முறை. கருவி வழி திறந்து விடுகிறது; கமகத்தை இடுவது கையும் செவியுமே.

மூதூருக்குத் தெற்கே வயல்கள் சூழ்ந்த கிளிவெட்டியில் ஒருவர் இத்தகைய பழைய கருவியை வாங்குவாராயின், அவர் முதலில் நோக்க வேண்டியது அதன் பின்புறத்து மின்னழுத்தக் குறிப்பையே. ஜப்பானில் விற்கப்பட்ட கருவிகள் 100 வோல்ட்டுக்கு உரியவை. இலங்கையின் மின்வழங்கலோ 230 வோல்ட்டு. இடையே மின்மாற்றி இன்றி இணைத்தால், கருவி அந்நொடியே கெட்டுவிடக் கூடும். வாடைக்காற்றின் ஈரமும் கடற்காற்றின் உப்பும் இணைப்பு முனைகளைத் துருவேற்றும் என்பதும் கருதத் தக்கது.

இவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. தொழிற்சாலையில் பதிக்கப்பட்ட ஓசைகள் அழிவதில்லை. வாசித்தவர் தாமே ஆக்கிச் சேமித்தவையோ, உள்ளிருக்கும் நாணயம் போன்ற சிறு மின்கலம் ஒன்றின் வலிமையால் மட்டுமே நிலைத்திருப்பவை. அம்மின்கலம் பல ஆண்டுகள் உழைத்து ஒரு நாள் ஓய்ந்துவிடும். அன்று மறைவது பணத்தால் மீட்கக் கூடியது அன்று. 1990களில் வட இலங்கை மக்கள் மின்கலம் தடைசெய்யப்பட்ட காலத்தில் மிதிவண்டித் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். மின்கலத்தின் அருமையை அவர்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. வானொலிப் பெட்டி ஓய்ந்தாலும் மறுநாள் அதே நிலையம் பேசும். இங்கோ ஒருவர் பல இரவுகள் விழித்திருந்து ஆக்கிய ஓசை மீண்டும் வாராது. ஆக்கியவர் கடல் கடந்து போயிருக்கலாம், மறைந்தும் இருக்கலாம்.

ஆகவே, பழைய கருவி கைக்கு வந்ததும் அதன் ஓசைகளை அழித்துப் புதுப்பிக்க விரைதல் தகாது. முந்தியவர் விட்டுச் சென்றவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டறிந்து, மிடி வடத்தின் வழியே கணினியில் படியெடுத்து வைத்தல் வேண்டும். அதன் பின்னரே, பயிற்சி பெற்ற தொழிலாளர் ஒருவரைக்கொண்டு மின்கலத்தை மாற்றுவிக்கலாம். மாற்றிய ஆண்டைச் சிறு தாளில் எழுதிப் பெட்டியின் அடியில் ஒட்டி வைத்தல், அடுத்து வருபவருக்கு உதவும்.