உஷார்! லாரிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது; உங்கள் சரக்குக்கு?

ஈரோடு, கரூர், திருப்பூர் பக்கமிருந்து ஃபுல் லோடு அனுப்புகிறவர்கள் இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். கடைசியாகப் போன லோடின் எல்.ஆர். நகலை எடுத்து அதில் போட்டிருக்கும் வாடகையைப் பத்தால் பெருக்குங்கள். வழியில் வண்டி கவிழ்ந்து சரக்கு முழுதும் நாசமானால், டிரான்ஸ்போர்ட்காரரிடம் சட்டப்படி நீங்கள் கேட்க முடிகிற தொகை பெரும்பாலும் அவ்வளவுதான்.

2007ஆம் ஆண்டின் சாலைவழி சரக்குப் போக்குவரத்துச் சட்டமும் அதன் கீழ் வந்த 2011ஆம் ஆண்டு விதிகளும் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. சரக்கு தொலைந்தாலும் சேதமானாலும் டிரான்ஸ்போர்ட்காரரின் பொறுப்பு வாடகையின் பத்து மடங்கு வரைதான். அதுவும் நீங்கள் எழுதிக் கொடுத்த சரக்கு மதிப்பைத் தாண்டாது. அவரோ அவருடைய ஆட்களோ செய்த குற்றச் செயலால் இழப்பு நேர்ந்தால் கணக்கு வேறு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முப்பது லட்ச ரூபாய்த் துணி ஈரோட்டிலிருந்து பிவண்டிக்குப் போகிறது, வாடகை 70,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். கைக்கு வரக்கூடியது ஏழு லட்சம். அதே துணி சென்னைக்குப் போனால், வாடகை 22,000 என்றால், இரண்டு லட்சத்து இருபதாயிரம். தூரம் குறையக் குறையப் பாதுகாப்பும் குறைகிறது. பக்கத்து ஊர் லோடுதானே என்று அசட்டையாக இருப்பவர்களுக்குத்தான் அடி பலமாக விழும். வாடகையில் இரண்டாயிரம் குறைத்துப் பேசி முடித்தவர், தன் பாதுகாப்பில் இருபதாயிரத்தையும் சேர்த்தே குறைத்திருக்கிறார்.

"வண்டிக்கு ஃபுல் இன்சூரன்ஸ் இருக்குங்க" என்று புக்கிங் ஆபீஸில் சொல்வார்கள். அது உண்மையாகவே இருக்கும். ஆனால் அந்த பாலிசி லாரிக்கும், லாரி மோதிய மூன்றாம் நபருக்கும்தான். உள்ளே இருக்கும் உங்கள் நூல் மூட்டைக்கு அதில் ஒரு பைசா கிடையாது.

அடுத்த ஏமாற்றம் பில்லில் இருக்கிறது. எஃப்.ஓ.வி. என்று ஒரு வரி, சரக்கு மதிப்பில் சிறு சதவீதம் வசூலிப்பார்கள். அதை இன்சூரன்ஸ் பிரீமியம் என்று நம்பி வருஷக்கணக்கில் கட்டுகிறவர்கள் உண்டு. அது பாலிசி அல்ல, டிரான்ஸ்போர்ட்காரர் தனக்கென்று வசூலிக்கும் கட்டணம். அதே எல்.ஆரில் 'ஓனர்ஸ் ரிஸ்க்' என்ற முத்திரையும் விழுந்திருக்கும்! பத்து மடங்கு வரம்பைத் தாண்ட சட்டத்தில் ஒரு வழி உண்டு: கூடுதல் ரிஸ்க் கட்டணம் தருவதாக நீங்கள் வெளிப்படையாக ஒப்புக்கொள்வது. அந்தக் கட்டணம் எவ்வளவு என்று ஆங்கிலத்திலும் மாநில மொழியிலும் அறிவிப்பு வைத்திருந்தால்தான் அவர் அதை வாங்க முடியும். அந்த போர்டு எங்கே என்று கேளுங்கள். நீங்கள் கட்டும் எஃப்.ஓ.வி. அந்தக் கட்டணம்தானா, சரக்கின் முழு மதிப்புக்கும் அவர் பொறுப்பா என்று எழுத்தில் வாங்குங்கள். தர மறுத்தால் அந்த வரிக்குப் பணம் தர வேண்டியதில்லை.

வாடகைகளை ஒப்பிடும்போதும் இங்கேதான் சறுக்குகிறோம். நான்கு பேரிடம் ரேட் கேட்டு, குறைவாகச் சொன்னவருக்கு லோடைத் தருகிறோம். ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, மாமூல், ஹால்டிங், டோல், இரண்டாவது பாயின்ட் டெலிவரி, டீசல் ஏற்றம் எல்லாம் பிறகு ஒவ்வொன்றாக வருகின்றன. ஒரே ரூட், ஒரே வண்டி, ஒரே மாதம் என்று வைத்து, கடைசியில் டன்னுக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று பழைய பில்களைக் கூட்டிப் பாருங்கள். மலிவென்று நினைத்த ஆள் பல நேரம் மலிவாக இருக்கமாட்டார். ஹால்டிங் விஷயத்தில் எத்தனை மணி நேரம் இலவசம், கடிகாரம் எப்போது ஓடத் தொடங்கும் என்பதை முன்பே எழுதிக்கொள்ளாவிட்டால் தகராறு நிச்சயம். டீசலுக்கு எந்தத் தேதி விலை அடிப்படை என்பதும் அப்படியே.

வண்டி வழியில் நின்றுவிட்டால் இ-வே பில்லைக் கவனியுங்கள். சாதாரண சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள்தான். காலாவதிக்கு எட்டு மணி நேரம் முன்னும் பின்னும் மட்டுமே நீட்டிக்க முடியும். தவறவிட்டுப் பிடிபட்டால், வரி கட்ட வேண்டிய சரக்குக்கு வரியைப் போல இரு மடங்கு அபராதம் வரை போகும். ஒரு டன் கூட ஏற்றி மிச்சம் பிடிக்கும் ஆசையும் வேண்டாம்: அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000. விபத்து நடந்தால் கிளெய்மிலும் அதுவே சிக்கலாகும்.

சரி, நம்மிடம் சொந்தமாக டிரான்சிட் பாலிசி இருக்கிறது என்பவர்கள் அதைத் திறந்து எந்த கிளாஸ் என்று பாருங்கள். 'ஏ' என்றால் விலக்குகள் போக எல்லா ஆபத்தும் அடங்கும். 'பி' என்றால் தீ, மின்னல், மோதல், கவிழ்தல், பாலம் உடைதல் போன்று பெயர் சொன்னவை மட்டும். 'சி' என்றால் தீயும் மின்னலும்தான். கிழிந்த தார்ப்பாய் வழியே ஐப்பசி மழை இறங்கி நூல் நனைந்தால் 'பி' பாலிசி கை கொடுக்காது. திருட்டுக்கும் அப்படியே. பிரீமியம் குறைவு என்று 'பி' எடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்களை நினைத்தால் எனக்குப் பதறுகிறது. ஒரு லோடுக்கு உச்சத் தொகை எவ்வளவு, வருஷத்துக்கு எடுத்த தொகையில் இன்னும் எவ்வளவு மிச்சம் என்றும் பாருங்கள். பார்ட்டி எடுத்திருப்பார் என்று நீங்களும், நீங்கள் எடுத்திருப்பீர்கள் என்று பார்ட்டியும் இருந்துவிடுவதும் நடக்கிறது.

டிரான்ஸ்போர்ட்காரர் தன் பொறுப்புக்கு எடுத்த பாலிசியைக் காட்டினால், அது அவருடைய சட்டப் பொறுப்பைத்தான் தாங்கும் என்பதை மறக்காதீர்கள். அந்தப் பொறுப்பே பத்து மடங்கில் நின்றுவிட்டால், பாலிசி கோடி ரூபாயாக இருந்தும் உங்களுக்கு என்ன? வெளியிலிருந்து பிடித்த மார்க்கெட் வண்டி அதில் அடங்குமா என்றும் கேளுங்கள். பல லோடுகள் அப்படிப்பட்ட வண்டியில்தான் போகின்றன. புரோக்கரானாலும் புக்கிங் ஆபீஸானாலும் மேலே சொன்ன 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

சேதம் நடந்தேவிட்டால், சரக்கு இறங்கும் இடத்தில் இருப்பவர் எல்.ஆரில் வெறும் கையெழுத்துப் போடக் கூடாது. என்ன நனைந்தது, எத்தனை மூட்டை குறைவு என்று அதிலேயே எழுத வேண்டும், போட்டோ எடுக்க வேண்டும். அன்றே இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லி சர்வேயரை வரவழையுங்கள். டிரான்ஸ்போர்ட்காரருக்கு எழுத்து மூலம் நோட்டீஸ் தராமல் பிறகு வழக்குப் போட முடியாது. அந்த நோட்டீஸுக்கு 180 நாள்தான், அதுவும் டெலிவரி தேதியிலிருந்து அல்ல, புக்கிங் தேதியிலிருந்து. வாடகை பாக்கியில் கழித்துக்கொள்கிறேன் என்று சமாதானம் பேசி, 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். கிளெய்ம் கொடுத்த பிறகு அந்தத் தொகையை டிரான்ஸ்போர்ட்காரரிடம் வசூலிக்கும் உரிமை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு உண்டு. அந்த உரிமையை நீங்களே அடைத்துவிட்டால், உங்கள் கிளெய்மை மறுக்க அவர்களுக்கு அதுவே காரணமாகிவிடும்.