சுற்றுலா போன இடத்திலும் அடுப்படியா?



குடும்பத்தோடு வெளிநாடு போகிறவர்களிடம், "ஹோட்டல் எதுக்கு? அப்பார்ட்மென்ட் எடுங்க, அடுக்களையோட கிடைக்கும், நாமே சமைச்சுக்கலாம்" என்று யோசனை சொல்ல நாலு பேர் இருப்பார்கள். 'செல்ஃப் கேட்டரிங்' என்று அதற்குப் பெயர். நல்ல யோசனைதான். ஆனால் அந்த 'நாமே'யில் யார் யார் சேர்த்தி என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே பேசிக்கொள்ள வேண்டும். நாங்கள் பேசிக்கொண்டோம். அதனால் போன இடத்தில் மூன்று நாள் முகம் தூக்கல் நடந்தது என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

எங்களுக்கு லண்டன் வாசம். நாத்தனார் குடும்பம் ஜெர்மனியில். 2024 ஆகஸ்டில், மகளைப் பார்க்கத் திருநெல்வேலியிலிருந்து என் மாமியார் வந்திருந்தபோது, எல்லோருமாகக் கிரேக்க நாட்டில் நக்ஸோஸ் என்ற தீவில் பத்து நாள் தங்குவது என்று முடிவானது. பெரியவர்கள் ஐந்து பேர், பிள்ளைகள் நாலு. அத்தை சுத்த சைவம். முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடமாட்டார். ஆகவே அடுக்களை வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அப்பார்ட்மென்ட் பேசினோம்.

"நீயும் அக்காவும் சேர்ந்து ஏதாவது சிம்பிளா பண்ணிடுங்க, போதும்" என்றார் இவர், வெகு தாராளமாக.

ஒன்பது பேருக்கு மூன்று வேளை! நானும் வேலைக்குப் போகிறவள்தான். "வருஷம் பூரா இங்கே பண்றதை, அங்கே போய்க் கடலைப் பார்த்துக்கிட்டுப் பண்ணணுமா? அப்படின்னா பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு நீங்க போயிட்டு வாங்க, நான் வரலை" என்று சொல்லிவிட்டேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

மதினிக்குப் போன் போட்டேன். அவருக்கும் அதே எண்ணம். காலையில் ரொட்டி, பழம், தயிர் என்று அவரவர் எடுத்துக்கொள்வது. மதியம் வெளியில். இரவுச் சமையல் ஒருநாள் இவர், ஒருநாள் அண்ணன் (மதினியின் வீட்டுக்காரர்). காய்கறி வாங்குவது நாங்கள், பாத்திரம் பிள்ளைகள். அத்தையிடம் எடுத்துச் சொல்வது மதினியின் பொறுப்பு. முழுதாகச் சொன்னாரா, பாதி சொன்னாரா, தெரியாது.

மூட்டை கட்டுவதில் ஒரு விஷயம். பிரிட்டன், இந்தியா என்று ஐரோப்பிய யூனியனுக்கு வெளியிலிருந்து போகிறவர்கள் நெய், பால், இறைச்சி எதுவும் கொண்டுபோகக்கூடாது. கறிவேப்பிலைக்கும் சான்றிதழ் வேண்டுமாம். நான் சாம்பார் பொடி, ரசப்பொடி, புளி, பெருங்காயம், அப்பளம், சின்னக் குக்கர் ஒன்று, குளியலறைக்கு ஒரு பிளாஸ்டிக் கப் எடுத்துக்கொண்டேன். கடைசிப் பொருளை மறக்காதீர்கள். அங்கே கழிப்பறைக்குள் காகிதத்தையும் போடக்கூடாது, பக்கத்தில் தனிக் கூடை வைத்திருக்கிறார்கள். நமக்குத் தண்ணீர் இல்லாமல் ஆகாதே!

ஏதென்ஸ் பக்கத்துப் பிரேயஸ் துறைமுகத்திலிருந்து நக்ஸோஸுக்குக் கப்பலில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆனது. அப்பார்ட்மென்ட் கடற்கரையிலிருந்து நடக்கிற தூரம். வெள்ளைச் சுவர், பால்கனி, எல்லாம் படத்தில் பார்த்தபடியே. அடுக்களையைத்தான் படத்தில் காட்டவில்லை. சுவரோரம் இரண்டு மின்சாரத் தட்டு, ஒரு குட்டி ஃப்ரிட்ஜ், மூடியில்லாத பாத்திரம் இரண்டு, எதையும் வெட்டாத ஒரு கத்தி. காபி போட நீளக் கைப்பிடி வைத்த 'பிரிக்கி' என்ற குட்டிப் பாத்திரம் மட்டும் ஆசையாக இருந்தது. மின்சாரத் தட்டு சூடேறவும் நேரமாகும், அணைத்தால் ஆறவும் நேரமாகும். பால் பொங்கி வழிந்த பிறகும் நிற்காமல் பொங்கும்.

தண்ணீர் இன்னொரு பாடு. அந்த வருஷம் தீவில் மழை பொய்த்து நீர்த்தேக்கங்கள் வற்றிவிட்டன. நக்ஸோஸ் உருளைக்கிழங்குக்குப் பேர்போன தீவு. அந்தக் கிழங்குக்கே கிணற்றில் உப்புநீர் ஏறிவிட்டதென்று விவசாயிகள் தவித்தார்கள். எங்கள் குழாயிலும் உப்புக் கரித்தது. பருப்பு வேக வைக்கவும் பாட்டில் தண்ணீர்தான்.

முதல் நாள் இரவு இவர் ரசமும் உருளைக்கிழங்குப் பொரியலும் வைத்தார். கடையில் 'நிஹாகி' என்று ஒரு நீள அரிசி கிடைக்கிறது. சின்ன நகம் என்று அர்த்தமாம். சோறு உதிரியாகவே வந்தது. அத்தை, "எனக்குப் பசிக்கலைம்மா, ஒரு டம்ளர் பால் போதும்" என்று படுத்துவிட்டார். மறுநாள் அண்ணன் உப்புமா கிளறினார். அன்றைக்கும் பால்தான். பாத்திரச் சத்தம் அடங்கினதும் என்னை மட்டும் பால்கனிக்குக் கூப்பிட்டார்.

"எம் பிள்ளை கரண்டி பிடிக்கதைப் பார்க்கவா கடல் தாண்டி வந்தேன்?"

எனக்கு நெஞ்சு படபடத்தது. "சமைக்க மாட்டேன்னு சொல்லலை அத்தை. வீட்டுக்குப் போய்ச் சமைக்கேன். இந்தப் பத்து நாள் எனக்கும் லீவு, மதினிக்கும் லீவு. உங்களுக்கும்தான்" என்றேன். பதில் இல்லை. எழுந்து உள்ளே போய்விட்டார்.

அறைக்கு வந்தால் இவர், "அம்மா பட்டினியா கிடக்காங்க, நாளைக்கு ஒருநாள் நீ பண்ணிடேன்" என்கிறார். ஒருநாள் பண்ணினால் பத்து நாளும் நான்தான் என்பது கல்யாணமான எந்தப் பெண்ணுக்கும் தெரியும். "அம்மா சாப்பிடற மாதிரி நீங்க பண்ணுங்க" என்று திரும்பிப் படுத்தேன். தூக்கம் மட்டும் வரவில்லை.

நல்லவேளையாக மதியச் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. ஆகஸ்ட் 1 முதல் 14 வரை அங்கே ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்கு மாதாவின் திருநாளை ஒட்டி விரதம். இறைச்சி, பால், முட்டை கிடையாது. விரதச் சாப்பாட்டுக்கு 'நிஸ்திசிமோ' என்று பெயர். நம்மவர்கள் எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய வார்த்தை. ஆனால் இறாலும் கணவாயும் விரதத்தில் சேர்த்தி, அதனால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்! தக்காளிக்கும் குடைமிளகாய்க்கும் உள்ளே அரிசி அடைத்து வேக வைத்துத் தருகிறார்கள். கொத்துக்கறி சேர்க்காமல் செய்தால் அதற்கு 'அநாதை' என்று பட்டப்பெயராம். "கறி இல்லாட்டா அநாதையாட்டி?" என்று அத்தை அன்றுதான் முதன்முதலாகச் சிரித்தார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் காய்கறிக் கடையில் அத்தை ஒரு கீரைக் கட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது நம்ம தண்டுக்கீரைல்லா!" என்றார். ஆமாம், 'வ்லீத்தா' என்று கோடையில் அவர்கள் விரும்பிச் சாப்பிடுகிற கீரை. வேக வைத்து, ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் விட்டுச் சாப்பிடுகிறார்கள். அத்தை நாலு கட்டு வாங்கச் சொன்னார். பால்கனியில் உட்கார்ந்து தாமே ஆய்ந்தார். ஆய்ந்த கீரையோடு எழுந்து அடுப்படிக்குப் போனவரை மதினி வாசலிலேயே மறித்து, ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார வைத்தார். "இங்கேயிருந்தே சொல்லுங்கம்மா, தம்பி செய்யட்டும்."

சொன்னார். சும்மா சொல்லவில்லை, விரட்டினார். "பருப்பைக் குழைய விடாதேல... தண்டை முதல்ல போடு... உப்பு இப்ப வேண்டாம்!" இவர் கண்ணாடியில் ஆவி படர, எதுவும் தெரியாமல் தடுமாறிக்கொண்டு செய்தார். பருப்புக்கீரைக் கடைசல் முடிந்ததும் முதல் தட்டை அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அத்தை தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னார்:

"கல்யாணமாகி நாற்பத்தஞ்சு வருஷம் ஆச்சு. பிரசவத்தப்ப தவிர எனக்கு முதல்ல யாரும் தட்டு வச்சதில்லை."

யாரும் பேசவில்லை. பிள்ளைகள்கூட. அத்தை இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டார்.

எல்லாம் அதோடு சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பாத்திரம் சரியாக விளக்கவில்லை என்று பேரனுக்குத் திட்டு விழுந்தது. ஒருநாள் எங்களுக்குத் தெரியாமல் விடியற்காலையில் எழுந்து எலுமிச்சம்பழச் சாதம் கலந்து வைத்துவிட்டார். சாப்பிட்டோம். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சாயங்காலமானால் நாற்காலியைத் தாமே இழுத்துப் போட்டுக்கொள்வார்.

ஊர் சுற்றினதையும் இரண்டு வரி எழுதுகிறேன். துறைமுகத்தருகே 'போர்த்தாரா' என்ற சலவைக்கல் வாசல் தனியாக நிற்கிறது. கி.மு. ஆறாம் நூற்றாண்டில் தொடங்கி, கட்டி முடிக்காமலே விட்ட கோயிலாம். தீஸியஸ் என்ற வீரன், தன்னைக் காப்பாற்றிய அரியாட்னியைத் தூங்கும்போது விட்டுவிட்டுக் கப்பலேறினது இந்தத் தீவில்தான் என்று கதை. "எல்லா ஊர்லயும் இதே கதைதானா" என்றார் மதினி. சங்கிரி என்ற ஊரில் தானியத்துக்குத் தேவதையான டிமீட்டர் கோயில் இருக்கிறது. அத்தை செருப்பைக் கழற்றிவிட்டு, "நம்ம அன்னபூரணி" என்று கும்பிட்டார்.

கடைசியில் ஒரு பலகாரம். வீட்டுக்கார அம்மாள் அண்ணனுக்குச் சொல்லிக் கொடுத்தது. நெய் இல்லாத விரத அல்வா, கிட்டத்தட்ட நம் கேசரி. அளவு ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. எண்ணெய் ஒரு கப், பெரிய ரவை இரண்டு, சர்க்கரை மூன்று, தண்ணீர் நாலு. சர்க்கரையும் தண்ணீரும் பட்டை, கிராம்பு, எலுமிச்சைத் தோலோடு தனியே கொதிக்கட்டும். ரவையை ஆலிவ் எண்ணெயில் நன்றாகச் சிவக்க வறுத்து, கொதிக்கும் பாகைப் பார்த்து ஊற்றுங்கள், சீறும். கெட்டியானதும் மூடி வைத்து, கிண்ணத்தில் அழுத்திக் கவிழ்த்து, மேலே பட்டைத்தூள். நம் வீட்டில் கடலை எண்ணெயிலும் வருகிறது. எனக்கு இனிப்பு கொஞ்சம் அதிகம், இரண்டரைக் கப் போதும்.

திரும்புகிற நாளில் வடக்கிலிருந்து காற்று பலமாக வீச, கப்பல் வர இரண்டு மணி நேரம் தாமதம். நிழலில் மூட்டைகளின் மேல் உட்கார்ந்து அந்த அல்வா டப்பாவைத் திறந்தோம். பங்கு வைக்க அத்தை கை நீட்டினார். "நீங்க இருங்க அத்தை" என்று அண்ணன் டப்பாவை வாங்கிக்கொண்டார்.

அன்புடன்,
ஒரு வாசகி, லண்டன்.