ஊட்டியில் கடை போடப் போறீங்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் "மேப்"பைப் பாருங்க!

ஊட்டி:
நல்ல நாள் பார்த்துக் கடை திறந்தாயிற்று. வாழை மரம் கட்டியாயிற்று. சொந்தபந்தம் எல்லாம் வந்து போனது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் முதலாளி ஈ ஓட்டிக்கொண்டு இருக்கிறார்!

மலையில் வியாபாரம் தொடங்கிக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் பலர். சரக்கு மோசம் இல்லை. விலையும் கூடுதல் இல்லை. ஆனாலும் கடை ஓடவில்லை. காரணம், பல நேரங்களில் இடம்தான்.

இந்த இடப் பொருத்தம் பார்க்கத்தான் இப்போது கம்ப்யூட்டர் வந்திருக்கிறது. ஜாதகம் வேண்டாம், கைரேகை வேண்டாம், வரைபடம் போதும். இதற்குப் பெயர் புவியியல் தகவல் முறை. சுருக்கமாக ஜி.ஐ.எஸ்.

அது என்ன ஜி.ஐ.எஸ்.?

பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஊர் வரைபடத்தின் மேல் ஒரு "ட்ரேசிங் பேப்பர்" வைத்து ரோடுகளை வரையுங்கள். இன்னொரு பேப்பரில் வீடுகள். மூன்றாவதில் பஸ் நிறுத்தங்கள். நான்காவதில் ஏற்கனவே உள்ள கடைகள். எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வெளிச்சத்தில் பிடித்தால், எங்கே ஆள் அதிகம், எங்கே கடை குறைவு என்று பளிச்சென்று தெரிந்துவிடும். இதைத்தான் கம்ப்யூட்டர் நொடியில் செய்கிறது.

1960-களில் கனடா நாட்டு அரசின் நிலக் கணக்குக்காக ரோஜர் டாம்லின்சன் என்பவர் இந்த முறையை உருவாக்கினார். அதே காலத்தில் அமெரிக்கப் பேராசிரியர் டேவிட் ஹஃப் வியாபாரத்துக்கு ஒரு கணக்குச் சொன்னார். கடை பெரிதானால் ஆளை இழுக்கும். போய்ச் சேரும் நேரம் கூடினால் அந்த இழுப்பு குறையும் என்பதே அதன் சாரம். இன்று பெரிய கம்பெனிகள் புதுக்கிளை திறக்குமுன் இந்த மாதிரிக் கணக்குத்தான் போட்டுப் பார்க்கின்றன.

வெண்ணெய் விற்ற தபால்காரர்!

கம்ப்யூட்டர் இல்லாத காலத்திலேயே இந்தக் கணக்கைக் காலால் போட்டவர் ஒருவர் நீலகிரியில் இருந்தார். அவர் முத்துசாமி முதலியார். மலையில் இருந்த வெள்ளைக்காரர்களுக்குத் தபாலும் செக்கும் சுமந்து சென்றவர் அவர்.

எந்த பங்களாவில் யார் இருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன தேவை என்பதெல்லாம் நடந்து நடந்தே அவருக்கு அத்துப்படி. 1905-ல் ஒரு வெள்ளைக்காரரின் வெண்ணெய் வியாபாரத்தை வாங்கிக் குன்னூர் அருகே சிறிய கடை போட்டார். அதுதான் பின்னாளில் "நீல்கிரிஸ்" என்ற பெயரில் வளர்ந்தது. 1936-ல் கடை பெங்களூர் பிரிகேட் ரோட்டுக்குப் போனது. வாங்குகிற கூட்டம் எங்கே இருக்கிறதோ அங்கே கடை. இதுதான் ஜி.ஐ.எஸ்.சின் முதல் பாடம்!

கிலோமீட்டர் பொய் சொல்லும்

சமவெளியில் கடையைச் சுற்றி 5 கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போட்டால் வாடிக்கையாளர் கணக்கு ஓரளவு வந்துவிடும். மலையில் அந்த வட்டம் செல்லாது. எதிர்மலை கைக்கு எட்டுகிற மாதிரி தெரியும். பள்ளத்தில் இறங்கி ஏறிப் போவதற்குள் அரை நாள் போய்விடும்.

ஊட்டியில் இருந்து மசினகுடிக்குக் கல்லட்டி வழியாகச் சுமார் 30 கிலோமீட்டர்தான். ஆனால் 36 கொண்டை ஊசி வளைவுகள். கூடலூர் சுற்றிப் போனால் சுமார் 67 கிலோமீட்டர். சரக்கு லாரிக்காரர் எந்தக் கணக்கைப் பார்ப்பார்?

நேரமும் ஒரு வேலிதான். பந்திப்பூர் காட்டு ரோட்டில் 2009 முதல் இரவு 9 மணியில் இருந்து காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை. மைசூரில் இருந்து சரக்கு எடுக்கும் கூடலூர் வியாபாரி இரவு 9 மணிக்கு மேல் வரைபடத்தில் அந்த ரோடே இல்லை என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். நல்ல ஜி.ஐ.எஸ். கிலோமீட்டரை விட்டுவிட்டு நிமிடத்தை எண்ணும்.

குடைக்கு இரண்டு சீசன்

மாவட்டம் ஒன்றுதான், மழை இரண்டு. கூடலூர், பந்தலூர், குந்தா பக்கம் ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை கொட்டும். குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர், நவம்பர் மழைதான் ஜாஸ்தி.

2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை. 2009 நவம்பரில் கேத்தியிலும் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல். ஒன்று மேற்குப் பக்கம், மற்றது கிழக்குப் பக்கம். குடை, ரெயின்கோட்டு விற்பவர் இரண்டு ஊருக்கும் ஒரே மாதத்தில் சரக்கு இறக்கினால் ஒரு பக்கம் பாதி மூட்டை பிரிக்காமலே கிடக்கும்.

யானை போகிற பாதை

இடம் தப்பினால் வியாபாரம் மட்டும் அல்ல, கட்டிடமே போய்விடும். இதற்குச் சாட்சி மசினகுடி பக்கத்துச் சீகூர் பகுதி.

அங்கே யானைகள் வலசை போகும் வழித்தடத்தை 2010 ஆகஸ்டில் தமிழக அரசு அறிவித்தது. வழக்கு ஐகோர்ட்டு போய், சுப்ரீம் கோர்ட்டும் போனது. 2018 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவுப்படி ரிசார்ட்டுகளுக்குச் "சீல்" வைக்கப்பட்டது. 2020 அக்டோபர் 14-ந் தேதி, அரசு அறிவிப்பு செல்லும் என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு அளித்தது. நில உரிமையாளர்களின் ஆட்சேபங்களைக் கேட்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் ஒரு குழுவும் போட்டது.

அங்கே முதல் போட்டவர்கள் காட்சியைப் பார்த்தார்கள், தண்ணீரைப் பார்த்தார்கள், ரோட்டைப் பார்த்தார்கள். யானை நடக்கிற கோடு ஒன்று அந்த மண்ணில் ஓடுவதைக் கணக்கில் சேர்த்திருந்தால் கதை வேறு. ரிசார்ட்டு மூடியதில் முதலாளிக்கு மட்டுமா நஷ்டம்? சமையல்காரர், ஜீப் டிரைவர், பால் ஊற்றியவர் என்று எத்தனையோ வீட்டில் உலை கொதிக்கவில்லை.

மண் சரிவு இன்னொரு கோடு. 2009 நவம்பர் மழையில் மலை சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். எந்தச் சரிவு உறுதியானது, எது ஆபத்தானது என்று இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை வரைபடம் போட்டு வைத்திருக்கிறது. சரிவான இடத்தில் வாடகை மலிவாகக் கிடைத்தால், அது ஏன் மலிவு என்று ஒரு தடவை யோசிப்பது நல்லது.

கூட்டத்துக்கும் அளவு

2024 மே 7-ந் தேதி முதல் ஊட்டிக்கு இ-பாஸ் வந்தது. 2025 சீசனில் ஐகோர்ட்டு வாகனங்களுக்கு உச்சவரம்பே வைத்தது. ஏப்ரல் முதல் ஜூன் வரை வார நாட்களில் 6,000; சனி, ஞாயிறில் 8,000. வியாபாரிகள் கொதித்து எழுந்து கடையடைப்பும் நடத்தினார்கள்.

அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கலாம். ஆனால் பாடமும் இருக்கிறது. சீசன் கூட்டத்தையே நம்பி வர்க்கி, சாக்லேட், தைலக் கடைகளை ஒரே தெருவில் வரிசையாகப் போட்டால், கூட்டம் குறைகிற வருஷம் எல்லாரும் சேர்ந்தே விழ வேண்டும். 2011 கணக்குப்படி மாவட்டத்து மக்கள் 7,35,394 பேர். அதில் ஊட்டி நகரில் 88,430 பேர்; குன்னூர் நகரில் 45,494 பேர். மற்றவர்கள் சிறிய ஊர்களிலும், ஹட்டிகளிலும், எஸ்டேட் லயன்களிலும்தான். வருஷம் பூராவும் அரிசியும் சோப்பும் வாங்குகிறவர்கள் இவர்கள்!

காசு வேண்டாம்

இதற்கெல்லாம் லட்சம் செலவாகுமோ என்று பயப்பட வேண்டாம். இஸ்ரோ 2009-ல் தொடங்கிய "புவன்" வரைபடத்தைப் பார்க்கக் கட்டணம் இல்லை. தமிழ்நாடு மின் ஆளுமை முகமையும் அரசுத் துறைகளின் விவரங்களை வரைபடமாகத் தருகிறது. சர்வே எண் தெரிந்தால் பட்டா விவரத்தையும் புல வரைபடத்தையும் இணையத்தில் எடுத்துவிடலாம். வரைபடம் தயாரிக்க இந்திய நிறுவனங்கள் முன் அனுமதி வாங்க வேண்டும் என்ற கட்டுப்பாடும் 2021 பிப்ரவரியில் நீங்கிவிட்டது.

ஒரே ஒரு எச்சரிக்கை. எஸ்டேட்டில் சம்பளம் என்றைக்குப் போடுகிறார்கள், பஸ்ஸை விட்டு இறங்கும் ஜனங்கள் எந்தப் பக்கமாய் நடக்கிறார்கள் என்பது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அதை அங்கேயே நின்று பார்க்க வேண்டும்.

படத்தைப் பாருங்கள். பாதையில் நடந்து பாருங்கள். பக்கத்துக் கடைக்காரரிடம் கேளுங்கள். அட்வான்ஸ் அப்புறம் கொடுக்கலாம். இடம் ஓடிவிடாது, கையை விட்டுப் போன முதல்தான் திரும்பாது!