மின்னும் தரை, மறையும் கை

ஒட்டு தெரியாத தரைக்கும் சுவருக்கும் நகரங்களில் மீண்டும் மவுசு வந்திருக்கிறது. பொருள் கடையில் கிடைக்கிறது. பூசத் தெரிந்த ஆள்தான் எளிதில் கிடைப்பதில்லை.

பெங்களூரு பசவனகுடியிலும் கொல்கத்தாவின் பவானிப்பூரிலும் திருச்சூரிலும் பழைய வீடுகளைப் புதுப்பித்தவர்கள் பலர் சில பத்தாண்டுகளுக்கு முன் முதல் வேலையாகச் செய்தது சிவப்புத் தரையைப் பெயர்த்து எறிந்ததுதான். சிமெண்டுடன் இரும்பு ஆக்சைடு பொடி கலந்து, கொத்தனார் முட்டிபோட்டுத் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய தரை அது. வங்காளத்தில் அதற்குப் புடவைக்கு இருப்பதுபோல் கறுப்புக் கரையும் உண்டு. அதன் இடத்துக்கு இரண்டடிச் சதுர டைல்ஸ் வந்தது. ஓர் அறையின் வேலை ஓரிரு நாளில் முடியும். வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். இன்று அதே வீட்டுப் பிள்ளைகள், டைல்ஸ் இடுக்கில் சேரும் அழுக்கைச் சுரண்டி அலுத்து, ஒட்டே இல்லாத தரை வேண்டும் என்கிறார்கள்.

கடைக்காரரிடம் அதற்குப் பெயர்கள் நிறைய இருக்கின்றன. மைக்ரோசிமெண்ட் என்பது சிமெண்ட், மிக நுண்ணிய மணல், பாலிமர் கலந்த கலவை; இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனத்துக்கு அடுக்கடுக்காக இழுத்து, மேலே பாலியூரித்தேன் பூச்சு கொடுப்பார்கள். வெனீஷியன் பிளாஸ்டர் சுண்ணாம்பும் சலவைக்கல் பொடியும் சேர்ந்தது. தடெலாக்ட் மொராக்கோவின் மராகேஷிலிருந்து வந்தது. சுண்ணாம்புப் பூச்சைக் கூழாங்கல்லால் தேய்த்து, ஆலிவ் எண்ணெய் சோப்பால் மெருகேற்றுவது. எபாக்சி, தொழிற்சாலைகளிலும் மருத்துவமனைகளிலும் இருந்து வீட்டுக்குள் நுழைந்தது. எதை எடுத்தாலும் நல்ல வேலைக்குச் சதுர அடிக்குச் சில நூறு ரூபாய் ஆகும். இரண்டு படுக்கையறை வீடென்றால் கணக்கு லட்சங்களைத் தொடும்.

அந்தப் பணத்தில் வாளிக்குள் இருக்கும் பொருளுக்குப் போவது ஒரு பங்குதான். மற்றது கைக்கு.

டைல்ஸ் வேலையில் கை சற்றுப் பிசகினால் அடுத்த இடுக்கில் சரிசெய்துவிடலாம். இணைப்பில்லாத பூச்சில் பிசகை ஒளிக்க இடம் கிடையாது. கரண்டி வளைந்து திரும்பிய ஒவ்வொரு இடமும், நேற்றைய வேலை முடிந்து இன்றைய வேலை தொடங்கிய கோடும், ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழும்போது அப்படியே தெரியும். ஆக்சைடு தரையை நேரத்துக்கு முன்பே தேய்த்தால் தண்ணீரும் நுண்பொடியும் மேலே வந்து, பிற்பாடு தரை மாவு மாவாக உதிரும். தாமதித்தால் மேற்பரப்பு மூடாமல் சொரசொரப்பாக நின்றுவிடும். இரண்டுக்கும் நடுவில் உள்ள நேரம் ஜெய்ப்பூரின் மே மாத வெயிலில் ஓர் அளவு, கொச்சியின் ஜூலை மழையில் வேறோர் அளவு. மூட்டையில் அச்சடித்திருக்கும் குறிப்பு அதைச் சொல்லாது. விரலால் அழுத்திப் பார்த்தே தெரிந்துகொள்கிறார் மேஸ்திரி.

இந்தக் கைப்பழக்கம் எவ்வளவு தூரம் போகும் என்பதைப் பார்க்க ராஜஸ்தானுக்குப் போக வேண்டும். ஆம்பேர் அரண்மனையிலும் ஷேகாவதி ஹவேலிகளிலும் சலவைக்கல் என்று நினைத்துத் தொட்டால் சுவராக இருக்கும். அதன் பெயர் ஆராயிஷ். நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீருக்கு அடியில் மாதக்கணக்கில் வைத்து, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். தயிரும் வெல்லமும் சேர்ப்பது வழக்கம். அடிப்பூச்சின் மேல் சலவைக்கல் பொடி கலந்த பூச்சு, அதன் மேல் பால் போன்ற மெல்லிய சுண்ணாம்பு அடுக்குகள். ஈரம் இருக்கும்போதே அகேட் கல்லால் தேய்க்க வேண்டும். கடைசியில் தேங்காய் எண்ணெய்ப் பசை. ஈரம் காய்வதற்குள் எவ்வளவு சுவரை முடிக்க முடியுமோ அவ்வளவுதான் அன்றைய வேலை. சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு மெல்லத் திரும்பவும் கல்லாகிறது. அது மாதக்கணக்கில் நடக்கும், அவசரப்படுத்த வழியில்லை.

வழியில்லை என்பதால்தான் அது ஒதுங்கியது. சிமெண்ட் விநியோகத்தில் இருந்த அரசுக் கட்டுப்பாடு 1982-ல் ஓரளவும் 1989-ல் முழுமையாகவும் நீங்கியது. மூட்டை கேட்ட நேரத்தில் கிடைத்த பிறகு சுண்ணாம்பை ஊறவைக்க எந்த ஒப்பந்தக்காரருக்குப் பொறுமை இருக்கும்? அரண்மனைகள் ஓட்டல்களாக மாறி, பழைய சுவர்களைப் பழுது பார்க்க வேண்டியிருந்ததால் ஆராயிஷ் தெரிந்தவர்களுக்கு வேலை அடியோடு நின்றுபோகவில்லை. செட்டிநாட்டு வீடுகளில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுவர்களும் இதே இனம்தான். இத்தாலியப் பெயரிலும் மொராக்கோ பெயரிலும் இன்று விற்கப்படும் பூச்சுகளுக்கும் இவற்றுக்கும் அடிப்படைச் சரக்கு ஒன்றே: சுண்ணாம்பு, கல் பொடி, விடாத தேய்ப்பு. ஷோரூமில் இதை யாரும் சொல்ல மாட்டார்கள்; சொன்னால் விலை குறைந்துவிடும்.

ஷோரூமில் சுவரில் மாட்டியிருக்கும் மாதிரிப் பலகை அழகாகத்தான் இருக்கும். அதைச் செய்தவர் நிறுவனத்தின் தேர்ந்த கைக்காரர். வீட்டுக்கு வருபவர் அவராக இருக்க வேண்டிய அவசியமில்லை. நிறுவனம் முகவரிடம் கொடுக்கும், முகவர் ஒப்பந்தக்காரரிடம் கொடுப்பார், அவர் அந்த வாரம் சும்மா இருக்கும் நாள்கூலிக்காரரை அனுப்புவார். ஆகவே விலையைக் கேட்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி: கரண்டி பிடிக்கப்போவது யார்? அவரையே பார்க்க வேண்டும். அவர் செய்து இரண்டு வருஷமாவது ஆன வேலையைப் பார்க்க வேண்டும். நேற்று முடித்த தரை எல்லாமே மின்னும். பழைய வேலையில் கூடத்தை விட்டுவிட்டுக் குளியலறை வடிகால் ஓரம், வாசற்படி, சமையலறைத் தொட்டியின் கீழ்ப்பகுதி ஆகியவற்றைக் குனிந்து பார்ப்பது நல்லது. விற்பனைப் பிரதிநிதி பக்கத்தில் இல்லாதபோது வீட்டுக்காரரிடம் இரண்டு வார்த்தை பேசினால் இன்னும் நல்லது.

அடுத்தது மாதிரி. உங்கள் வீட்டிலேயே, உங்கள் வெளிச்சத்தில், அதே ஆளின் கையால் மூன்றடிக்கு மூன்றடிப் பலகை. அது நன்றாகக் காய்ந்து கெட்டியான பிறகு மஞ்சள் குழைத்த எண்ணெயையும் புளிக்கரைசலையும் ஒரு மூலையில் விட்டு, மறுநாள் காலையில் கழுவிப் பார்க்க வேண்டும். வெளிநாட்டுத் தொழில்நுட்ப அட்டவணைகளில் நம் தாளிப்புக்கு இடம் கிடையாது. சுண்ணாம்புப் பூச்சைப் புளியும் எலுமிச்சையும் அரிக்கும். கழிப்பறை கழுவும் ஆசிட் சுண்ணாம்பையும் சிமெண்டையும் ஒருங்கே தின்றுவிடும். நம் வீடுகளில் ஆசிட் ஊற்றாத குளியலறை எத்தனை என்பதை அவரவர் யோசித்துக்கொள்ளலாம்.

பணம் பாழாகும் வீடுகளில் பெரும்பாலும் குற்றம் மேல்பூச்சில் இருப்பதில்லை, அடித்தளத்தில் இருக்கிறது. மூன்று மில்லிமீட்டர் பூச்சு எதையும் தாங்கிப் பிடிக்காது. கீழே விரிந்தால் மேலேயும் விரியும். தளத்தில் ஓதம் இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. ஒன்றரை அடிச் சதுர பாலிதீன் தாளைத் தரையில் வைத்து நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி, ஓர் இரவு முழுக்க, குறைந்தது 16 மணி நேரம், விட்டுவைக்க வேண்டும். தாளின் அடியில் நீர்முத்து கோத்திருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ வேலையைத் தொடங்கக் கூடாது. பழைய டைல்ஸ் மேலேயே மைக்ரோசிமெண்ட் பூசலாம் என்பது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு டைலையும் நாணயத்தால் தட்டிப் பார்த்து, வெற்றொலி தருவதை எடுத்துவிட்டு, இடுக்குகளை அடைத்து, கண்ணாடி இழை வலை பதித்த பிறகுதான். இதைச் சுருக்கினால் ஆறு மாதத்தில் பழைய டைல்ஸ் கட்டங்கள் புதுத் தரையில் நிழலாகத் தெரியும். குளியலறையில் நீர்க்கசிவுத் தடுப்பு தனி வேலை. மேல்பூச்சே அதையும் பார்த்துக்கொள்ளும் என்று சொல்பவரை நம்ப வேண்டாம்.

வீடு முழுக்க ஒரு கோடுகூட இருக்காது என்று வாக்குக் கொடுப்பவரிடமும் எச்சரிக்கை தேவை. சிமெண்ட் காயும்போது சுருங்கும். அதனால்தான் பழைய ஐ.பி.எஸ். தரைகளில் கண்ணாடிப் பட்டைகளைப் பதித்துக் கட்டம் பிரித்தார்கள். சிமெண்ட் தரை போடுவதற்கான இந்தியத் தரக் குறியீடு ஐ.எஸ். 2571-ம் தரையைக் கட்டங்களாகப் பிரித்தே போடச் சொல்கிறது. கட்டடத்தில் ஏற்கெனவே இருக்கும் விரிவு இணைப்பை மேல்பூச்சால் மூடினால் அது தன் இடத்தைத் தானே கண்டுபிடித்துக் கிழித்துக்கொண்டு வெளிவரும். எபாக்சியின் சிக்கல் வேறு: மழைக்கால ஈரத்தில் பூசினால் மேற்பரப்பு வெளுத்துப் பால் படரும், வெயில் படும் இடத்தில் நாளடைவில் மஞ்சளாகும். மும்பையில் ஜூலையில் எபாக்சி போட அவசரப்படுவானேன்?

பேசியதெல்லாம் தாளில் ஏற வேண்டும். எந்தப் பொருள், எத்தனை அடுக்கு, அடித்தள வேலை யார் பொறுப்பு, ஜி.எஸ்.டி. சேர்த்தா சேர்க்காமலா, எத்தனை நாள் காய விடுவது என்பதோடு கரண்டி பிடிப்பவரின் பெயரும் இருக்கட்டும். முன்பணம் போக, அடித்தளம் முடிந்ததும் ஒரு பங்கு, மேல்பூச்சு முடிந்ததும் ஒரு பங்கு, ஒரு மாதம் புழங்கிய பிறகு மீதி என்று பிரித்துக்கொள்ளலாம். ரசீது இல்லாமல் செய்தால் வரி மிச்சம் என்ற பேச்சு அடிக்கடி காதில் விழும். அந்த மிச்சம் விரிசல் விழுந்த அன்று கரைந்துவிடும். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையத்தில், நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே, இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. முதலில் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகார் சொல்லியும் பார்க்கலாம். ஆனால் நீங்களே நாள்கூலிக்கு ஆள் வைத்து, நீங்களே நின்று வேலை வாங்கியிருந்தால், அது தனிப்பட்ட ஊழியம், சட்டத்துக்குள் வராது என்று எதிர்த்தரப்பு வாதிட இடமுண்டு.

சட்டம் வீட்டுக்காரருக்கு இவ்வளவு செய்கிறது. தரையில் முட்டிபோட்டிருப்பவருக்கு? சதுர அடிக்குச் சில நூறு வாங்கும் வேலையில் அவர் கைக்குப் போவது பெரும்பாலும் அன்றைய கூலிதான். 2023 செப்டம்பரில் தொடங்கிய பிரதமர் விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் கொத்தனார் இருக்கிறார்; பயிற்சிக் காலத்தில் நாளுக்கு 500 ரூபாயும், கருவி வாங்க 15,000 ரூபாயும், 5 சதவீத வட்டியில் கடனும் உண்டு. சுண்ணாம்பு மெருகு, ஆக்சைடு தேய்ப்பு போன்ற தனித் திறமைகளுக்கு அந்தப் பட்டியலில் தனி இடம் இல்லை. சொரசொரப்பைத் தேய்க்கும்போது பறக்கும் தூளில் சிலிக்கா இருக்கிறது. அது நுரையீரலில் தங்கினால் திரும்ப வராது. சுரங்கத்திலும் கல் வேலையிலும் இந்த நோய்க்கு ஆளானவர்களுக்காக ராஜஸ்தான் அரசு 2019-ல் தனிக் கொள்கையே வெளியிட வேண்டியிருந்தது. மூடிய அடுக்குமாடி அறையில், முகத்தில் கைக்குட்டை மட்டும் கட்டிக்கொண்டு தேய்ப்பவருக்கு ஆபத்து குறைவல்ல. முகக்கவசம், தூசி உறிஞ்சும் இயந்திரம், சுண்ணாம்பு தெறிக்காமல் கண்ணுக்குக் கண்ணாடி ஆகியவற்றை ஒப்பந்தத்தில் ஒரு வரியாகச் சேர்ப்பதால் வீட்டுக்காரருக்கு ஆகும் செலவு சொற்பம்.

நாளும் அப்படித்தான். கிரகப்பிரவேசத் தேதியைக் குறித்துவிட்டு மேஸ்திரியை விரட்டுவது நம் ஊர் வழக்கம். காய வேண்டிய அடுக்கு காயாமல் அடுத்தது ஏறும். பழி பிறகு அவர் மேல் விழும். ஆக்சைடு தரைக்கு ஒரு வாரமாவது தண்ணீர் கட்டி வைக்க வேண்டும். புதுச் சுவர்ப் பூச்சானால் மெருகுக்கு முன் நான்கு வாரம். அந்த நாட்களில் பக்கத்து அறையில் தச்சு வேலையோ பெயிண்ட் வேலையோ நடந்தால் தூசி எல்லாம் ஈரப்பூச்சில்தான் வந்து உட்காரும்.

இந்தத் தரையின் பெரிய குறை, அதை ஒட்டுப்போட முடியாது என்பது. குழாய் உடைந்து பிளம்பர் ஒரு சதுர அடியைப் பெயர்த்தால், புதிதாக நிரப்பிய இடம் எவ்வளவு தேர்ந்த கையானாலும் ஓரளவு தெரியத்தான் செய்யும். நிறமாவது ஒத்துப்போக வேண்டுமானால் அதே கலவையின் நிறப்பொடியில் ஒரு பொட்டலம் வீட்டில் இருக்க வேண்டும். வேலை முடிந்து ஆட்கள் கிளம்பும் நாளில் அதைக் கேட்டு வாங்கி, மாதிரிப் பலகையோடு பரணில் வைத்துவிட்டு, ஒப்பந்தக்காரரின் அட்டையோடு மேஸ்திரியின் தொலைபேசி எண்ணையும் குறித்துக்கொள்வது நல்லது.