குவேனியும் கிர்கேயும்: கெம்பஸ்ல புராணம் படிக்கிறது எப்படி?

அக்குறணையில இருந்து பேசுறேன்.

முதல்ல ஒரு கதை. கப்பல்ல வந்த ஆக்கள் தெரியாத தீவொண்டுல இறங்குறாங்க. தலைவன் கரையில நிக்க, கூட்டாளிமார் உள்ளுக்குப் போறாங்க. மிருகம் எதிர்ல வருது, ஆனா கடிக்கல்ல. கொஞ்சம் தள்ளி ஒரு பொம்பளை நூல் வேலை செஞ்சிக்கிட்டு இருக்கா. மந்திரக்காரி. போனவங்க அவகிட்ட மாட்டிக்கிறாங்க. தலைவன் தேடிப் போய் வாளை உருவுறான். அவ பணிஞ்சு ஆக்களை விட்டுட்டு, அவனோடயே வாழத் தொடங்குறா.

"குவேனி கதை தானே" எண்டு நினைச்சிருப்பீங்க. சரிதான், மகாவம்சத்துல வாற விஜயனும் குவேனியும். ஆனா ஹோமர்ட ஒடிசி காவியத்துல, பத்தாவது காண்டத்துல, ஒடிசியஸும் கிர்கேயும் சந்திக்கிற இடத்துக்கும் இதே சொல்லு அப்படியே பொருந்தும். ரெண்டுக்கும் இடையில ஆயிரம் வருஷத்துக்கும் மேல.

கெம்பஸ்ல புராணம் படிக்கிறதெண்டா தெய்வங்கள்ட பேரைப் பாடமாக்குறது எண்டு கனபேர் நினைக்கிறாங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். உண்மையில வேலை தொடங்குறது ரெண்டு கதையையும் பக்கத்துல வச்சு, எங்க ஒட்டுது, எங்க விலகுது எண்டு பாக்கும்போதுதான்.

பாருங்க. கிர்கே தறியில நெய்யுறா. குவேனி மரத்தடியில நூல் நூற்கிறா. கிர்கேட வாசல்ல ஓநாயும் சிங்கமும் வாலாட்டுது. விஜயன்ட ஆக்கள் ஒரு பெட்டை நாய்க்குப் பின்னால போறாங்க. கிர்கே ஆக்களைப் பன்றியாக்குறா. குவேனிக்கு அவங்களைத் தின்ன ஆசை, ஆனா அவங்கட கையில கட்டின காப்பு நூல் தடுக்குது. அதனால பள்ளத்துல தள்ளுறா. ஒடிசியஸுக்கு ஹெர்மிஸ் தெய்வம் ஒரு மூலிகை குடுக்கிறார், அது அவனுக்கு மட்டும். இங்க நூல் எல்லாருக்கும் கட்டியாச்சு.

இப்ப முடிவைப் பாருங்க. கிர்கே ஒரு வருஷம் வச்சிருந்து, வழியும் சொல்லி அனுப்புறா. ஹோமருக்குத் தேவை வீடு திரும்புற கதை. குவேனியோ சொந்தச் சனத்தையே காட்டிக் குடுத்து விஜயனுக்கு நாட்டைப் பிடிச்சுக் குடுக்கிறா. ஆனா அவன் மதுரையில இருந்து பாண்டிய இளவரசியை எடுக்கிறதுக்காக அவளைத் துரத்திடுறான். போன இடத்துல அவட சனமே அவளைக் கொல்லுது. மகாவம்சம் சொல்ல வந்தது ஒரு அரசு தொடங்கின கதை. அந்த அரசுக்கு குலமுள்ள ராணி வேணும். இந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும். ஒரே கதைக்கூடு, ஆனா சொன்னவங்கட தேவை அந்தப் பொம்பளைட தலைவிதியை மாத்திடுது.

ஒண்டைப் பாத்து மத்தது வந்ததா, தனித்தனியாப் பிறந்ததா? இப்படியான கேள்விக்காகத்தான் கெம்பஸ்ல அந்தப் படிப்பு. 1942ல கொழும்புல தொடங்கின இலங்கைப் பல்கலைக்கழகம் 1952ல பேராதனைக்கு வந்தது. கண்டியில பஸ் மாறி கலகா சந்தியில இறங்கினா அதுட கலைப்பீடம்தான். அங்க கிரேக்கம், லத்தீன் படிப்பிச்ச பேராசிரியர் மெர்லின் பீரிஸ், ஜாதகக் கதைகள்ல இருக்கிற கிரேக்கக் கதைக்கூறுகளைப் பத்தி ஒரு நூலே எழுதியிருக்கார்.

நான் இந்தப் பாடத்தைச் சொன்னதும் உம்மா கேட்டது, "மகன், சாமிமார்ட கதையா படிக்கப் போறீங்க?" நியாயமான கேள்வி. நான் உம்மாகிட்ட பிறப்புச் சான்றிதழை எடுக்கச் சொன்னேன். இனம் எண்ட இடத்துல என்ன இருக்கு? இலங்கைச் சோனகர். சிங்களத்துல யோனக. பாளியில யோன, பழந்தமிழ்ல யவனர். எல்லாம் போய் நிக்கிறது அயோனியாவுல, ஹோமர்ட மொழி பேசின கிரேக்கர்கள் வாழ்ந்த கரையில. முதல்ல கிரேக்கரைக் குறிச்ச சொல், பிறகு மேற்குக் கடலால வந்த எல்லாருக்கும் ஆகி, அரபு வியாபாரிகளுக்கும் வந்து, எங்கட பேரா நிண்டுட்டு. யூனானி மருந்து எண்டு சொல்லுறோமே, அந்த யூனானும் அதே அயோனியாதான். உம்மா அந்தக் கடதாசியைக் கனநேரம் பாத்துக்கிட்டே இருந்தா.

ஏ.எல்.க்கு இஸ்லாமிய நாகரிகம் எடுக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு பக்தாத் மொழிபெயர்ப்பாளர்களைத் தெரியும். 9ஆம் நூற்றாண்டுல ஹுனைன் இப்னு இஸ்ஹாக் கிரேக்க வைத்தியர் கலேன்ட மருத்துவ நூல்களை அரபிக்குக் கொண்டு வந்தார். அவர் ஹோமரைக் கிரேக்கத்திலயே ஓதினதை ஒருத்தர் கேட்டதா பழைய குறிப்பொண்டும் இருக்கு. ஆனா அந்தக் காலத்துல மருத்துவம், கணிதம், தத்துவம் எல்லாம் அரபிக்கு வந்தும், காவியங்கள் அந்தப் பக்கமே வரல்ல. இலியட் முழுசா அரபியில அச்சானது 1904ல, கெய்ரோவுல, சுலைமான் அல்-புஸ்தானிட மொழிபெயர்ப்பு.

அப்படியிருக்க, அரபிக் கதையில வாற சிந்துபாத்ட மூன்றாம் பயணத்தை வாசிச்சுப் பாருங்க. ஆக்களைப் பிடிச்சுச் சுட்டுத் தின்னுற அரக்கன். நெருப்புல பழுக்கக் காய்ச்சின இரும்புக் கம்பியால அவனைக் குருடாக்கிட்டு, மிச்சமிருந்தவங்க கடலுக்கு ஓடுறாங்க. பின்னால கல்லு வந்து விழுது. ஒடிசியில ஒத்தைக் கண்ணன் பொலிஃபீமஸ், கூராக்கின ஒலிவக் கட்டை, அதே கல்லு. சிந்துபாத் கதையில அவனுக்கு ஒரு கண் எண்டு சொல்லுற பிரதியும் இருக்கு, ரெண்டு கண் உள்ள பிரதியும் இருக்கு. புத்தகமா வராத கதை வாயால வந்திருக்கணும் எண்டுதான் நான் நினைக்கிறேன், கப்பல் தட்டுலயும் துறைமுகத்துலயும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிச் சொல்லி. அதே சிந்துபாத் ஆறாம் பயணத்துல வந்து சேருற இடம் சரந்தீப். அது நம்மட நாடு.

இனி உங்கட பக்கம். உங்கட உம்மும்மா, அப்பா, யாராவது இப்படி ஒரு அரக்கன் கதை, நூல் நூற்கிற பொம்பளைட கதை சொல்லியிருந்தா கீழ எழுதுங்க. மாத்தளையா, மாவனல்லையா, மூதூரா, எந்த ஊர்ல கேட்டது, சொன்னது யார், அரக்கனுக்கு எத்தனை கண், எதால குத்தினாங்க, அதையும் சேர்த்து எழுதுங்க. அடுத்த காணொளியில அதையெல்லாம் பக்கத்துல பக்கத்துல வச்சு வாசிக்கப் போறேன்.