பெட்டி மறக்கலாம், சாவி மறக்கக்கூடாது

வீட்டு மூலையில் ஓடும் சின்னக் கணினியில் குடும்பப் படங்கள் இருக்கின்றன. வெளியூரிலிருந்து அவற்றைப் பார்க்க வேண்டும். ரவுட்டரில் போர்ட்டைத் திறந்துவிட்டால், பூட்டாத வீடு தேடி அலையும் நிரல்கள் விரைவிலேயே வந்து தட்டும். பல வீடுகளுக்கு ஒரே பொது ஐபி முகவரியைப் பங்கிட்டுத் தரும் இணைய இணைப்பு என்றால், திறந்தும் பயனில்லை.

மெஷ் விபிஎன் இந்தச் சிக்கலை அழகாகத் தீர்க்கிறது. டெயில்ஸ்கேலை எடுத்துக்கொள்வோம். அதன் மைய சர்வர் யாருடைய பொதுச் சாவி எது, யார் எந்த முகவரியில் இருக்கிறார் என்பதை மட்டும் சொல்லும். இரு கணினிகளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஒன்றை நோக்கி ஒன்று யுடிபி பொட்டலங்களை அனுப்பும். எதிரிலிருந்து வருவதை, உள்ளிருந்து போன பொட்டலத்துக்கான பதில் என்று எடுத்துக்கொண்டு ரவுட்டர் விட்டுவிடும். பிறகு தரவு, வயர்கார்டு என்ற மறையாக்க நெறிமுறையின் சுரங்கத்தில் நேராகவே போகும். நேர்வழி அமையாவிட்டால் இடைநிலை சர்வர் கைமாற்றிவிடும். ஆனால் மறையாக்கத்தை அதனாலும் அவிழ்க்க முடியாது. 2020 மார்ச்சில் லினக்ஸ் 5.6 கெர்னலில் சேர்ந்த வயர்கார்டின் நிரல் மிகச் சிறியது. தணிக்கை செய்பவர் முழுவதையும் படித்துப் பார்க்க முடியும் என்பதே அதன்மேல் எனக்குள்ள நம்பிக்கைக்குக் காரணம்.

டெயில்ஸ்கேலை டாக்கர் கன்டெய்னருக்குள் ஓட்டும்போதுதான் உரசல் தொடங்குகிறது. கெர்னல் போட்ட வேலிக்குள் ஓடும் நிரல்தான் கன்டெய்னர். நெட்வொர்க்கில் கைவைக்க அதற்கு இயல்பாக உரிமை கிடையாது. விபிஎன்னின் வேலையோ அதுதான். எனவே டன் என்ற மெய்நிகர் நெட்வொர்க் சாதனத்தையும் நெட் அட்மின் உரிமையையும் கொடுக்க வேண்டும். இந்த இரண்டே போதும். அவசரத்தில் பலர் 'பிரிவிலேஜ்டு' என்று முழு அதிகாரத்தையும் கொடுத்துவிடுகிறார்கள். அப்புறம் வேலி எதற்கு? இரண்டும் கொடுக்க முடியாத இடத்தில், கெர்னலின் நெட்வொர்க்கைத் தொடாமல் இயங்கும் யூசர்ஸ்பேஸ் முறை இருக்கிறது. வெளியிலிருந்து வரும் இணைப்புகள் அதில் சிக்கலில்லாமல் வேலை செய்யும். உள்ளிருந்து வெளியே போக மட்டும் ப்ராக்ஸி வேண்டும்.

கன்டெய்னரை நீக்கிப் புதிதாக உருவாக்கினால் உள்ளே எழுதியதெல்லாம் போய்விடும். கணினியின் அடையாளமான தனிச்சாவியும் அங்கேதான் இருக்கிறது. அதைக் கன்டெய்னருக்கு வெளியே தனி வால்யூமில் வைக்காவிட்டால், ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் பட்டியலில் 'படங்கள்-1', 'படங்கள்-2' என்று புதுப்புதுக் கணினிகள் முளைக்கும். 100.64-இல் தொடங்கும் வரம்பிலிருந்து கிடைத்த பழைய முகவரியும் மாறிவிடும். நேற்றுவரை திறந்த புக்மார்க் இன்று திறக்காது.

படச் செயலியின் கன்டெய்னர் விபிஎன் கன்டெய்னரின் நெட்வொர்க்கையே பகிர்ந்துகொள்வது பரவலான ஏற்பாடு. செயலிக்குத் தனி போர்ட் திறக்க வேண்டாம். ஆனால் விபிஎன் கன்டெய்னரைப் புதிதாக உருவாக்கினால் செயலியையும் கூடவே உருவாக்குங்கள். இல்லையென்றால், இல்லாமல் போன பழைய நெட்வொர்க்கைப் பிடித்துக்கொண்டு அது சும்மா ஓடிக்கொண்டிருக்கும்.