வீட்டுக் கணினிக்கு ஆன்டிவைரஸ் தேர்வு

ஆன்டிவைரஸ் அல்லது நச்சுநிரல் தடுப்பி என்பது கணினிக்குள் நுழையும் தீங்கு நிரல்களைக் கண்டறிந்து தடுக்கவும் நீக்கவும் பயன்படும் மென்பொருளாகும். அலுவலகங்களில் இதைத் தேர்ந்தெடுக்கத் தனிப் பணியாளர்கள் உண்டு. வீடுகளில் கடைக்காரர் சொல்வதும் விளம்பரம் சொல்வதுமே முடிவைத் தீர்மானிக்கின்றன. எந்த மென்பொருளுக்கு, எவ்வளவு, எதற்காகப் பணம் கொடுக்கிறோம் என்பதை அறிந்து தேர்ந்தெடுக்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

சென்னையின் மேற்குப் புறநகரான வானகரம், மதுரவாயல், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளில் ஒரு வீட்டில் ஒரே கணினி இருப்பதும் அதைப் பலர் பகிர்வதும் சாதாரணம். கல்லூரி மாணவரின் புராஜெக்ட், சிறு பட்டறை நடத்துபவரின் டாலி கணக்கு, வங்கிப் பரிமாற்றம், பத்தாண்டுக் குடும்பப் படங்கள் எல்லாம் ஒரே ஹார்டு டிஸ்கில் இருக்கும். அதே கணினியில் ஜெராக்ஸ் கடைக்குப் போய்வந்த பென்டிரைவும் செருகப்படும். இத்தகைய கணினியில் இழக்கக்கூடியது கணினியின் விலையைவிடப் பல மடங்கு பெரியது. ஆன்டிவைரஸின் மதிப்பை இதை வைத்தே கணக்கிட வேண்டும்.

விண்டோஸுடன் வருவது

விண்டோஸ் 8 வெளியான 2012 முதல் மைக்ரோசாஃப்ட் தன் இயங்குதளத்துடனேயே ஓர் ஆன்டிவைரஸை இணைத்துத் தருகிறது. இப்போது அதன் பெயர் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர். தொடக்க ஆண்டுகளில் அது சோதனைகளில் பின்தங்கியே இருந்தது. ‘விண்டோஸோடு வருவது உதவாது’ என்று கடைகளில் இன்றும் கேட்கும் பேச்சு அந்தக் காலத்து மிச்சம். 2019இல் ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் ஆய்வகம் நடத்திய சோதனையில் அது 18க்கு 18 மதிப்பெண் பெற்றது. ஆகவே வீட்டுப் பயனர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எந்த ஆன்டிவைரஸ் வாங்குவது என்பதன்று. வாங்கத்தான் வேண்டுமா என்பது.

ஒழுங்காக அப்டேட் ஆகும் விண்டோஸ் 11, எப்போதும் இணைய இணைப்பு, திருட்டு மென்பொருள் எதுவும் நிறுவாத பழக்கம் ஆகிய மூன்றும் உள்ள வீட்டுக்குப் பெரும்பாலும் டிஃபெண்டரே போதும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் கணக்கு மாறும். குறிப்பாக இணைய இணைப்பைக் கவனிக்க வேண்டும். இன்றைய ஆன்டிவைரஸ்கள் மூன்று வழிகளில் வேலை செய்கின்றன. அறியப்பட்ட நச்சுநிரல்களின் அடையாளப் பட்டியலோடு கோப்பை ஒப்பிடுவது ஒன்று. ஒரு நிரல் என்ன செய்கிறது என்று கவனித்து, அது சந்தேகத்துக்குரியதாக நடந்தால் நிறுத்துவது இரண்டாவது. ஐயத்துக்குரிய கோப்பின் விவரத்தை நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்பி அங்கிருந்து தீர்ப்பைப் பெறுவது மூன்றாவது. டிஃபெண்டர் இந்த மூன்றாவது வழியைப் பெரிதும் நம்பியிருக்கிறது. இணைப்பு இல்லாத நிலையில் நடத்தப்படும் சோதனைகளில் அதன் கண்டறியும் விகிதம் கணிசமாகக் குறைகிறது. கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டைத் தேவைக்கு மட்டும் இணைத்து, மற்ற நேரமெல்லாம் பென்டிரைவில் வேலை நடக்கும் வீட்டில் இது பெரிய குறை. அங்கே பணம் கொடுத்து வாங்கும் ஆன்டிவைரஸுக்கு நியாயம் இருக்கிறது.

புதிய மடிக்கணினியில் நிறுவனமே ஏதாவது ஓர் ஆன்டிவைரஸின் சோதனைப் பதிப்பை ஏற்றித் தருவதும் உண்டு. அந்தக் காலம் முடிந்தபின் ‘புதுப்பிக்கவும்’ என்ற அறிவிப்பை மூடிவிட்டு மாதக்கணக்கில் ஓட்டுபவர்கள் பலர். காலாவதியான ஆன்டிவைரஸுக்குப் புதிய அடையாளப் பட்டியல் வராது. காவல் இருப்பது போன்ற தோற்றம் மட்டும் இருக்கும். அதை முழுமையாக நீக்கிவிட்டால் டிஃபெண்டர் தானாக இயங்கத் தொடங்கும்.

இந்தியத் தயாரிப்புகள்

இந்தச் சந்தையில் இந்திய நிறுவனங்களுக்கு நல்ல இடம் உண்டு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கே7 கம்ப்யூட்டிங் 1991இல் ஜெ. கேசவர்த்தனனால் தொடங்கப்பட்டது. லாகூரில் இரு சகோதரர்கள் எழுதிய ‘பிரைன்’ என்ற வைரஸ் 1986இல் ஃபிளாப்பி வழியாக உலகெங்கும் பரவி ஐந்தே ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது. புனேயின் குவிக் ஹீல், கால்குலேட்டர் பழுதுபார்க்கும் கடையில் தொழிலைத் தொடங்கிய கைலாஷ் கட்கரும் அவருடைய தம்பி சஞ்சய்யும் வளர்த்தது. மும்பையின் மைக்ரோவேர்ல்டு நிறுவனம் இ-ஸ்கேனைத் தயாரிக்கிறது.

கே7இன் ஜப்பான் அனுபவம் விலை பற்றிய பேச்சுக்கு நேரடியாகப் பொருந்துகிறது. ஆன்டிவைரஸுக்கு ஆண்டுதோறும் சந்தா கட்டுவது உலக வழக்கமாக இருந்தபோது, ஜப்பானின் சோர்ஸ்நெக்ஸ்ட் நிறுவனம் 2006இல் ‘வைரஸ் செக்யூரிட்டி ஜீரோ’ என்ற பெயரில் ஆண்டுப் புதுப்பிப்புக் கட்டணம் இல்லாத ஆன்டிவைரஸை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெயரில் உள்ள ஜீரோ அந்தக் கட்டணத்தைத்தான் குறிக்கிறது. அதற்குள் இயங்கியது சென்னையில் உருவான கே7 எஞ்சின். ஒரு பெட்டியின் அட்டையில் அச்சிட்ட விலைக்கும், அதைப் பயன்படுத்தும் ஆண்டுகளில் மொத்தமாகச் செலவாகும் தொகைக்கும் எவ்வளவு வேறுபாடு இருக்க முடியும் என்பதை அந்தப் பெயர் வாங்குபவருக்கு நேரடியாகச் சொன்னது. ஆனால் ‘ஆயுள் உரிமம்’ என்று யார் விற்றாலும் அது யாருடைய ஆயுள் என்று கேட்டுக்கொள்வது நல்லது: வாங்குபவருடையதா, கணினியுடையதா, அந்த விண்டோஸ் பதிப்புடையதா?

விலையைக் கணக்கிடுதல்

ரிச்சி தெருக் கடைகளிலும் இணைய அங்காடிகளிலும் ஒரு கணினிக்கு ஓராண்டுப் பாதுகாப்பு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. முதலாண்டு விலையை மட்டும் பார்த்தால் எல்லாமே மலிவு. நிறுவனங்கள், குறிப்பாக வெளிநாட்டு நிறுவனங்கள், முதலாண்டுக்குப் பெரிய தள்ளுபடி கொடுத்துவிட்டு இரண்டாமாண்டில் முழு விலையை வசூலிக்கின்றன. எடுத்துக்காட்டாக, முதலாண்டு 400 ரூபாய், அடுத்த ஆண்டுகளில் 1,200 ரூபாய் என்றால் மூன்றாண்டுச் செலவு 2,800 ரூபாய். மூன்றாண்டு உரிமம் 1,500 ரூபாய்க்குக் கிடைத்தால், முதலில் விலை அதிகம் என்று தோன்றிய அதுவே மலிவானது. வீட்டில் இரண்டு மூன்று கருவிகள் இருந்தால் பல கருவிகளுக்கான உரிமத்தை எடுத்து, ஒரு கருவிக்கு ஓராண்டுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்க்க வேண்டும்.

தானியங்கிப் புதுப்பிப்பு இன்னொரு கவனத்துக்குரிய இடம். கார்டு எண் கொடுத்து வாங்கினால் அடுத்த ஆண்டுத் தொகை தானாகவே கழிக்கப்படலாம். ரிசர்வ் வங்கியின் விதிப்படி இத்தகைய கழிவுக்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு வாடிக்கையாளருக்கு அறிவிப்பு வர வேண்டும். ஆனால் 15,000 ரூபாய் வரையான தொகைக்கு ஒவ்வொரு முறையும் ஓடிபி தேவையில்லை. ஆகவே அந்தக் குறுஞ்செய்தியைப் படிக்காமல் விட்டால் பணம் போய்விடும். வாங்கிய அன்றே தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்தி வைப்பது எளிய வழி. புதுப்பிப்பு விலையைவிடப் புதுப் பெட்டியின் விலை குறைவாக இருப்பது இங்கே அரிதன்று.

பெட்டியில் வாங்கும்போது கீயை மறைக்கும் சுரண்டல் பட்டை கலையாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நம்ப முடியாத விலைக்கு வாட்ஸ்அப்பில் வரும் கீகள் வேறு யாருக்கோ விற்கப்பட்டவையாக இருக்கக்கூடும்; சில வாரங்களில் முடக்கப்படும்.

‘டோட்டல்’, ‘அல்டிமேட்’ என்ற பெயர்களில் வரும் விலையுயர்ந்த பதிப்புகளில் கூடுதலாகக் கிடைப்பவை பெரும்பாலும் விபிஎன், கடவுச்சொல் பெட்டகம், கணினியைச் சுத்தம் செய்யும் கருவி போன்றவை. நச்சுநிரலைக் கண்டறியும் எஞ்சின் பொதுவாக அடிப்படைப் பதிப்பில் உள்ளதேதான். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் பெற்றோர் கட்டுப்பாட்டு வசதிக்குப் பயன் இருக்கலாம். கணினி மெதுவாக இருக்கிறதே என்று ‘டியூன் அப்’ வசதிக்குப் பணம் கொடுப்பதைவிட, பழைய ஹார்டு டிஸ்கை எஸ்எஸ்டியாக மாற்றுவது பலமடங்கு பலன் தரும்.

சோதனை முடிவுகளும் நம்பிக்கையும்

ஜெர்மனியின் மாக்டபர்க் நகரிலுள்ள ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக்கிலுள்ள ஏவி-கம்பாரடிவ்ஸ் ஆகிய ஆய்வகங்களின் முடிவுகளை எவரும் இலவசமாகப் பார்க்கலாம். ஏவி-டெஸ்ட் பாதுகாப்பு, வேகம், பயன்பாட்டு எளிமை என்ற மூன்றுக்கும் தலா 6 மதிப்பெண் தருகிறது. இப்போது பல தயாரிப்புகள் முழு மதிப்பெண்ணையோ அதற்கு மிக நெருங்கியோ பெறுவதால், ஒரு முறை முதலிடம் பிடித்தது என்ற விளம்பரத்துக்குப் பெரிய பொருளில்லை. ஓராண்டு முழுவதும் சீராக இருக்கிறதா என்பதே முக்கியம். தவறான எச்சரிக்கைகளின் எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். நல்ல கோப்பையெல்லாம் வைரஸ் என்று அலறும் மென்பொருளை வீட்டில் உள்ளவர்கள் சீக்கிரமே அணைத்து வைத்துவிடுவார்கள்.

ஆன்டிவைரஸ் கணினியின் எல்லாக் கோப்புகளையும் திறந்து பார்க்கும் உரிமை பெற்றது. அதனால் யாருக்கு அந்த உரிமையைக் கொடுக்கிறோம் என்பதும் விலையின் ஒரு பகுதி. இலவச ஆன்டிவைரஸால் பெயர்பெற்ற அவாஸ்ட், பயனர்களின் இணைய உலாவல் விவரங்களைத் தன் துணை நிறுவனமான ஜம்ப்ஷாட் வழியாக விற்றது தெரியவந்து, 2020இல் ஜம்ப்ஷாட் மூடப்பட்டது. 2024இல் அமெரிக்க வணிக ஆணையம் இதற்காக 1.65 கோடி டாலர் செலுத்துமாறு சொன்னது. அதே ஆண்டு அமெரிக்கா ரஷ்யாவின் காஸ்பர்ஸ்கை விற்பனைக்கும் அப்டேட்டுக்கும் தடை விதித்தது. சந்தா கட்டியிருந்த அமெரிக்கர்கள் பாதியில் வேறொரு மென்பொருளுக்கு மாற்றப்பட்டனர்.

ஆன்டிவைரஸ் தடுக்காதவை

வீட்டுக் கணினிகளை அதிகம் தாக்கிய பணயத் தீநிரல்களில் ஒன்று ‘ஸ்டாப்’ அல்லது ‘டிஜேவு’ எனப்படுவது. கோப்புகளை எல்லாம் பூட்டிவிட்டு 980 டாலர் கேட்கும். 72 மணி நேரத்துக்குள் தொடர்புகொண்டால் பாதி விலை. அது பரவும் முக்கிய வழி, திருட்டு மென்பொருள்களின் ‘கிராக்’ கோப்புகள். விண்டோஸையோ ஃபோட்டோஷாப்பையோ இலவசமாகத் திறக்கும் அந்தக் கோப்பை இயக்க, ‘ஆன்டிவைரஸை அணைத்துவிடுங்கள்’ என்ற குறிப்பும் உடன் வரும். பயனர் தன் கையாலேயே காவலை விலக்கியபின் எந்த நிறுவனத்தின் எந்தப் பதிப்பும் உதவாது. எம்சிசாஃப்ட் நிறுவனம் 2019 அக்டோபரில் இதற்கு இலவச மீட்புக் கருவி வெளியிட்டது. அது அன்றிருந்த 160 வகைகளில் 148க்கு உதவியது. பின்னர் வந்த வகைகளில் பூட்டப்பட்ட பலரின் கோப்புகளுக்கு இன்றும் மீட்பில்லை.

அப்டேட்டின் இடத்தையும் ஆன்டிவைரஸ் நிரப்பாது. 2017 மே 12 அன்று உலகெங்கும் பரவிய வான்னாக்ரை தாக்குதல் ஒரகடத்திலுள்ள ரெனோ-நிசான் கார் ஆலையையும் பாதித்தது. அது பயன்படுத்திய ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்பே வெளியிட்டிருந்தது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. டிஃபெண்டருக்கான அடையாளப் பட்டியல் அதில் 2028 வரை வரும் என்றாலும், இயங்குதளத்தின் ஓட்டைகளை அது அடைக்காது. விண்டோஸ் 11 ஏறாத பழைய கணினிக்கு ஆன்டிவைரஸ் வாங்குவதற்கு முன், லினக்ஸுக்கு மாறலாமா என்று யோசிக்கலாம். தமிழ்நாடு அரசின் இலவச மடிக்கணினிகளில் விண்டோஸுடன் வந்த பாஸ் லினக்ஸைப் பல மாணவர்கள் ஏற்கெனவே பார்த்திருப்பார்கள்.

மூன்றாவது, தொலைபேசி. ‘உங்கள் கணினியில் வைரஸ்’ என்று திரையில் எண்ணைக் காட்டி அழைக்கச் சொல்வதும், எனிடெஸ்க் போன்ற செயலியை நிறுவச் சொல்வதும் நச்சுநிரல் அல்ல, ஏமாற்று. எனிடெஸ்க் வழியான மோசடி பற்றி ரிசர்வ் வங்கி 2019இலேயே எச்சரித்தது. பணம் போய்விட்டால் உடனே அழைக்க வேண்டிய எண் 1930.

ஆன்டிவைரஸுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை வெளி ஹார்டு டிஸ்குக்கு ஒதுக்கி, வாரம் ஒருமுறை படங்களையும் கணக்குகளையும் நகலெடுத்துக் கழற்றி வைப்பது இந்தப் பட்டியலில் மிகச் சிக்கனமான பாதுகாப்பு. கழற்றாமல் விட்ட டிஸ்கையும் பணயத் தீநிரல் பூட்டிவிடும்.

செலவில்லாத உதவிகள்

மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2017 பிப்ரவரி 21 அன்று சைபர் சுவச்தா கேந்திரா என்ற மையத்தைத் தொடங்கியது. குவிக் ஹீல், இ-ஸ்கேன், கே7 நிறுவனங்களின் இலவச நீக்கக் கருவிகள் அதன் தளத்தில் கிடைக்கின்றன. பென்டிரைவ் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் சி-டாக்கின் ‘யூஎஸ்பி பிரதிரோத்’ கருவியும் அங்கே உண்டு. இவை ஏற்கெனவே தொற்றிய கணினியைச் சுத்தம் செய்யவும் வழியை அடைக்கவும் உதவுபவை. நிரந்தரக் காவலுக்கு மாற்றல்ல.

டிஃபெண்டரிலேயே பலர் அறியாத ஒரு வசதி இருக்கிறது. ‘கட்டுப்படுத்தப்பட்ட கோப்புறை அணுகல்’ என்ற அந்த வசதி, அறிமுகமில்லாத நிரல் எதுவும் படங்கள், ஆவணங்கள் கோப்புறைகளை மாற்றாதபடி தடுக்கிறது. பொதுவாக அது அணைந்த நிலையிலேயே இருக்கும். ரான்சம்வேர் பாதுகாப்பு அமைப்புக்குள் சென்று நாமே இயக்க வேண்டும்.

எந்த ஆன்டிவைரஸை நிறுவினாலும் அது விழித்திருக்கிறதா என்று சோதிக்க ஐகார் என்ற சோதனைக் கோப்பு உள்ளது. 68 எழுத்துகள் கொண்ட, எந்தத் தீங்கும் செய்யாத இந்தக் கோப்பை ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் பொது உடன்பாட்டின்படி வைரஸாகவே அடையாளம் காண்கின்றன. ஐகார் அமைப்பின் தளத்திலிருந்து அதை இறக்கியதும் எச்சரிக்கை வர வேண்டும். வராவிட்டால் உரிமத்தின் காலக்கெடுவையும் கடைசியாக அப்டேட் ஆன தேதியையும் முதலில் பார்க்க வேண்டும்.